வீட்டிலேயே காரின் முன் பிரேக் பேட் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 போன்ற சிறிய கார்களை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம், பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் முன் காலிப்பரில் ஒரே ஒரு பிஸ்டன் என்பது நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களின் அமைப்பு. பெரிய கார்களிலும் அடிப்படை இதுதான், ஆனால் சில விஷயங்கள் மாறும். அவற்றைத் தனியாகச் சொல்கிறேன்.

பிரேக் சமாச்சாரத்தில் நாமே கை வைக்கலாமா? பயமாக இருக்கிறதே.

பயம் இருப்பது நல்லதுதான். ஆனால் முன் பேட் மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. பிரேக் ஆயில் போகும் குழாய் எதையும் நீங்கள் திறக்கப் போவதில்லை. சக்கரத்தைக் கழற்றி, ஒன்றிரண்டு போல்ட்டை எடுத்து, தேய்ந்ததை உருவிப் புதியதை வைத்து மூடுவதுதான் மொத்தக் காரியமும். பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவருக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

இதை வீட்டில் செய்யச் சொல்வதற்குப் பணம் மிச்சமாவது மட்டும் காரணமில்லை. கடையில் வரிசையாக வண்டி நிற்கும்போது பேடை மட்டும் மாற்றிவிட்டு, காலிப்பர் நகர்வதற்காக இருக்கும் பின்களைத் தொடாமலே அனுப்பிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அடுத்த பேட் சீக்கிரம் தேய்வதற்கும் சத்தம் வருவதற்கும் அந்த விட்டுப்போன வேலைதான் பெரும்பாலும் காரணம். உங்களுக்கு அவசரம் இல்லை. ஒவ்வொன்றாகத் துடைத்து, பார்த்து, கிரீஸ் வைத்து மூட நேரம் இருக்கிறது. பிரேக்குக்கு அந்த நேரம்தான் தேவை.

பேட் தேய்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்ப்பதுதான் நம்பகமான வழி. புது பேடில் பின்தகட்டை விட்டுவிட்டு, உராயும் பொருள் மட்டும் ஏறக்குறைய 10 மி.மீ. தடிமன் இருக்கும். அது 3 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுங்கள். அலாய் வீலாக இருந்தால் இடைவெளி வழியே டார்ச் அடித்து வெளிப் பக்கத்துப் பேடைப் பார்த்துவிடலாம். உள் பக்கத்துப் பேடைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். வெளிப் பேட் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து உள் பேடும் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்யாதீர்கள். பல கார்களில் உள்ளே இருப்பதுதான் முதலில் தீர்கிறது.

பேட் ஓரத்தில் ஒரு சிறிய இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி 'கீச்' என்று கத்தும். இந்தச் சத்தம் கேட்டால் இந்த வாரத்திலேயே மாற்றுங்கள். 'கரகர'வென்று இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் என்றால் உராயும் பொருள் முழுவதும் தீர்ந்து பின்தகடே டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் வண்டியை எடுக்க வேண்டாம்.

எத்தனை கிலோமீட்டர் ஓடினால் மாற்ற வேண்டும்?

30,000 முதல் 50,000 கி.மீ. என்று பொதுவாகச் சொல்வார்கள். சென்னை நெரிசலில் தினமும் அலுவலகம் போய்வரும் காரில் அதற்கு முன்பே தீரலாம். நான்குவழிச் சாலையில் மட்டும் ஓடும் காரில் இன்னும் நீடிக்கலாம். கிலோமீட்டரை நம்பாமல் ஒவ்வொரு சர்வீஸிலும் தடிமனைப் பாருங்கள்.

பிரேக் ஆயில் அளவு குறைந்திருக்கிறது. ஊற்றி நிரப்பலாமா?

முதலில் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய, அந்த இடத்தை நிரப்பப் பிஸ்டன் வெளியே நகர்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் சேரும் ஆயில் மேலே இருக்கும் டப்பாவிலிருந்துதான் வருகிறது. அதனால் பேட் தேய்ந்த காரில் அளவு கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு. புது பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அந்த ஆயில் திரும்ப மேலே வந்துவிடும். இடையில் யாராவது நிரப்பி வைத்திருந்தால் அப்போது டப்பா பொங்கி வழியும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

பேட் நன்றாக இருந்தும் அளவு இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

ஒரு பக்கத்துப் பேட் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது என்றால் இரண்டும் ஒரே அளவு பிடிக்காது. அவசரமாக மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கடையில் முன் பேட் கேட்டால் நான்கு பேட் உள்ள செட்டாகத்தான் கொடுப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்ததற்குக் காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மூடினால் புது பேடும் அப்படியே தேயும்.

எந்தப் பேட் வாங்குவது?

கார் கம்பெனியின் சொந்த உதிரிபாகம், அல்லது கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் செய்து கொடுக்கும் நிறுவனங்களின் பேட். இதில் நம் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. பாடி பகுதியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், பிரேக் லைனிங் செய்வதில் பேர்பெற்ற ரானேயும் இங்கே வளர்ந்தவைதான். பாஷ் போன்ற பெயர்களும் எளிதில் கிடைக்கும்.

பெயரைவிட முக்கியம், எங்கே வாங்குகிறீர்கள் என்பது. போலிப் பெட்டியில் வரும் பேட் சந்தையில் இருக்கிறது. பில் போட்டுக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். காரின் மாடல், வருடம், பெட்ரோலா டீசலா, எந்த வேரியன்ட் என்று எல்லாம் சொல்லுங்கள். ஒரே பெயருள்ள காருக்கு வருடத்துக்கு வருடம் பேட் மாறியிருக்கும். கழற்றும் முன்பே பெட்டியைப் பிரித்து, பேட் படத்தைப் பார்த்து ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். காரை ஜாக்கியில் நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓடும் நிலை வரக் கூடாது.

என்னென்ன சாமான் வேண்டும்?

ஜாக்கி, வீல் ஸ்பேனர், காரைத் தாங்க இரண்டு ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டை. காலிப்பர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14 எண் ஸ்பேனர் பொருந்தும். சில கார்களில் ஆலன் கீ கேட்கும். பிஸ்டனைத் தள்ள ஒரு பெரிய சி-கிளாம்ப். தச்சர்கள் வைத்திருப்பார்களே, அதேதான். கம்பி பிரஷ், பழைய துணி, பிரேக் கிளீனர் ஸ்பிரே, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ், காலிப்பரைக் கட்டித் தொங்கவிட ஒரு கட்டுக்கம்பி. கையுறையும் முகக் கவசமும் மறக்காதீர்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் ரொம்ப நல்லது.

மண்ணெண்ணெயோ டீசலோ வைத்து பிரேக்கைத் துடைக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். கிளீனர் கிடைக்காவிட்டால் சோப்புத் தண்ணீர் அதைவிட எவ்வளவோ மேல்.

காரை எங்கே நிறுத்தி, எப்படித் தூக்குவது?

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து இருக்கும் கட்டம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சமமான, கெட்டியான தரை வேண்டும். வாசலில் கார் ஏற்றுவதற்குப் போட்டிருக்கும் சரிவில் செய்யவே கூடாது. மண் தரையில் ஜாக்கி மெல்லப் புதைந்து சாயும். டைல்ஸ் போட்ட போர்டிகோ என்றால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வையுங்கள். டைல் உடைந்தால் ஜாக்கி நழுவும்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் போட்டு, இரண்டு பின் சக்கரத்துக்கும் பின்னால் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். அப்புறம் தூக்கலாம். ஜாக்கி வைக்க வேண்டிய இடம் எது என்று காரின் கையேட்டில் படத்தோடு போட்டிருக்கும்.

தூக்கியதும் ஸ்டாண்டைக் கொடுத்து அதன் மேல் காரை இறக்குங்கள். காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும் செய்தது. அதை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைப்பதும் வேண்டாம், அவை எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் நின்றதும் காரைக் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள், அது இன்னொரு காவல். குழந்தைகள் பக்கத்தில் ஓடி விளையாடாமல் வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காலிப்பரை எப்படிக் கழற்றுவது?

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தட்டின் விளிம்பைப் பிடிப்பதுபோல, டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வி நிற்பதுதான் காலிப்பர். காலிப்பரின் பின்புறம் வெளியே தெரியும்படி ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்து வைத்தால் அங்கே இருக்கும் இரண்டு போல்ட்டும் எதிரே வந்து நிற்கும். பல கார்களில் கீழ் போல்ட்டை மட்டும் எடுத்துவிட்டுக் காலிப்பரை மேல்நோக்கித் திறந்துவிடலாம். திருகும்போது உள்ளே இருக்கும் பின்னும் சேர்ந்து சுற்றினால், அதை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

முழுவதுமாகக் கழற்றினால் காலிப்பரை ரப்பர் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது, ஒரு நாள் பிரேக் போகும்போதுதான் தெரியும். கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள்.

இன்னொன்று: ஒரு பக்கத்தை முடித்து மூடிய பிறகே மறுபக்கத்தைத் திறக்க வேண்டும். எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்று குழம்பினால் மறுபக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பிஸ்டனைத் தள்ளினால், மறுபக்கப் பிஸ்டன் வெளியே பிதுங்கி வந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. கழற்றுவதற்கு முன் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேடைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தப் பேட் காட்டும். உள் பேடும் வெளிப் பேடும் ஏறக்குறைய சமமாகத் தேய்ந்திருந்தால் எல்லாம் சரி. உள் பேட் மட்டும் அதிகம் தீர்ந்திருந்தால், காலிப்பர் பின் இறுகி நகராமல் இருக்கிறது, அல்லது பிஸ்டன் பின்வாங்குவதில்லை. ஒரே பேட் மேலே தடியாகவும் கீழே மெல்லியதாகவும் சரிந்து தேய்ந்திருந்தால், ஒரு பின் மட்டும் இறுகியிருக்கலாம், அல்லது பேட் உட்காரும் சட்டமான பிராக்கெட்டில் அது துருவோடு சிக்கியிருக்கலாம். பேட் முகம் கண்ணாடிபோலப் பளபளத்தால் அது அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. எண்ணெய்ப் பசை தெரிந்தால் பிஸ்டன் சீலோ, பக்கத்தில் ஆக்சிலின் ரப்பர் உறையோ கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புது பேட் போடுவது வீண்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவது எப்படி?

புது பேட் தடியாக இருப்பதால் பிஸ்டன் உள்ளே போனால்தான் இடம் கிடைக்கும். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் தளர்த்தி, சுற்றிலும் துணியைச் சுற்றி வையுங்கள். ஆயில் அதிகபட்சக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், புதிய ஊசி சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிறகு பழைய பேட் ஒன்றைப் பிஸ்டனின் மேல் வைத்து, அதன் மேல் சி-கிளாம்ப்பைப் பூட்டி மெதுவாக, மிக மெதுவாகத் திருகுங்கள். பிஸ்டன் நேராகப் போக வேண்டும். அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளவோ கிழியவோ கூடாது.

சாதாரணமாகக் கை பலத்துக்கே அது உள்ளே போய்விடும். அசையவே மாட்டேன் என்றால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. அதோடு மல்லுக்கட்டாதீர்கள், காலிப்பரைப் பிரித்துச் சீல் மாற்ற வேண்டிய வேலை அது. தெறித்த ஆயிலைப் பெயின்ட்டிலிருந்து உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

காலிப்பர் பின் என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அதில் என்ன இருக்கிறது?

பிஸ்டன் இருப்பது உள் பக்கத்தில் மட்டும்தான். மிதித்ததும் அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்துகிறது. அந்த எதிர்விசையில் காலிப்பரே மொத்தமாக நகர்ந்து வந்து வெளிப் பேடை இழுத்து அழுத்துகிறது. அந்த நகர்வு நடப்பது இந்த இரண்டு பின்களின் மேல். பின் இறுகினால் உள் பேட் மட்டுமே உழைக்கும், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், சக்கரம் கொதிக்கும்.

ரப்பர் உறையோடு பின்னை வெளியே உருவுங்கள். பழைய கிரீஸ் கறுத்துக் கட்டியாகியிருக்கும். துணியால் முழுவதும் துடைத்து, ஓட்டைக்குள்ளும் சுத்தம் செய்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசித் திரும்பச் செருகுங்கள். அள்ளி அப்பினால் ஓட்டைக்குள் காற்று அடைபட்டுப் பின்னே வெளியே தள்ளப்படும். கையால் உள்ளே வெளியே நகர்த்தினால் தடையில்லாமல் வழுக்க வேண்டும். மழைநீர் புகும்படி ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சில கார்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றுபோல இருக்காது, ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். எது எந்த இடத்துக்கு உரியதோ அங்கேயே போக வேண்டும்.

இந்த ஒரு வேலையைச் செய்யாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த பேட் போட்டும் பயனில்லை.

வீட்டில் இருக்கும் சாதாரண கிரீஸ் போதாதா?

வேண்டாம். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் பெட்ரோலிய வகை. அது பிரேக்கின் ரப்பரை ஊதிப்போக வைக்கும். ரப்பர் ஊதி, காலிப்பர் பின் இறுகினால் நீங்களே கோளாறை உண்டாக்கியது போலாகும். சிலிக்கான் கிரீஸ் சின்ன பாக்கெட்டாகவே கிடைக்கிறது. பேடின் காதுகள் பிராக்கெட்டில் உட்காரும் இடத்திலும், பின்தகடு பிஸ்டனைத் தொடும் இடத்திலும் மிகக் கொஞ்சமாக பிரேக் கிரீஸ் தடவலாம். உராயும் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. பட்டால் கிளீனரால் கழுவுங்கள். பேட் அதை ஊறி உறிஞ்சிவிட்டால் அந்தப் பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

ஒவ்வொரு முறையும் வேண்டியதில்லை. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். வெடிப்பு இருந்தாலும் அப்படியே. விரல் நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கோடு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தடிமன் மிச்சம் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அதைக் கிளீனரால் கழுவிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

மழையில் இரண்டு நாள் நின்ற காரின் டிஸ்க்கில் வரும் மேல் துருவைப் பார்த்துப் பதற வேண்டாம். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

புது பேட் உள்ளே போக மாட்டேன் என்கிறது. தட்டி ஏற்றலாமா?

சுத்தியலை எடுக்காதீர்கள். பிராக்கெட்டில் இருக்கும் மெல்லிய எஃகுக் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள், அடியில் துரு மேடாகக் கட்டியிருக்கும். கம்பி பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, செட்டோடு வந்த புது கிளிப்பை மாட்டுங்கள். பேட் கை விரலால் தள்ளினாலே நகர வேண்டும்.

கத்தும் நாக்கு உள்ள பேட் பெரும்பாலும் உள் பக்கத்துக்கு உரியது. உங்கள் படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். உராயும் முகம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும், ஆனாலும் மூடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காலிப்பரை இறக்கி, போல்ட்டை முதலில் கையால் சுற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி போடுங்கள். பல சிறிய கார்களில் இந்தப் போல்ட்டுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர்தான் அளவு, அதாவது பலத்தையெல்லாம் போட்டு முறுக்கக் கூடாது. வீல் நட்டுக்கு மாடலைப் பொறுத்து 85 முதல் 125 வரை போகும். சரியான எண்ணை உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

எல்லாம் மாட்டிவிட்டேன், பெடல் தரை வரை போகிறதே!

முதல் தடவை மிதிக்கும்போது அப்படித்தான் போகும். பிஸ்டனை நீங்கள் உள்ளே தள்ளிவிட்டீர்கள், அதற்கும் பேடுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அதனால்தான் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்தும் முன்பே பெடலை மெதுவாகத் திரும்பத் திரும்ப மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். ஒவ்வொரு பக்கம் முடித்ததும் மிதியுங்கள், கடைசியில் இன்ஜின் ஓடும்போதும் ஒருமுறை மிதியுங்கள். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் பிரேக்கே இருக்காது. பின்னால் சுவரோ, சாலையோ, ஆளோ இருக்கலாம். ஸ்டியரிங்கில் ஒரு துண்டுச் சீட்டில் 'பெடல்' என்று எழுதி ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எத்தனை முறை மிதித்தும் பஞ்சு மாதிரியே இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். குழாயைத் திறக்காமல் காற்று புகாது என்பதால், முதலில் பேட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கிளிப் நடுவில் மாட்டிக்கொண்டதா, எங்கேயாவது கசிகிறதா என்று பாருங்கள். தெளிவாகவில்லை என்றால் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். பெடல் கெட்டியானதும் ஆயில் அளவைச் சரிபார்த்து மூடியை இறுக்கிவிடுங்கள்.

உடனே வெளியூர் கிளம்பலாமா?

முதலில் ஆளில்லாத தெருவில் நடக்கும் வேகத்தில் ஓட்டி இரண்டு மூன்று முறை நிறுத்திப் பாருங்கள். அப்புறம் காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாக பிரேக் பிடித்துக் குறையுங்கள், முழுவதும் நிறுத்த வேண்டாம். நடுவில் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, இப்படி எட்டுப் பத்து முறை. பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரு சீரான படலமாகப் பதிய வேண்டும், அதற்குத்தான் இது. இலேசான வாடை வருவது சகஜம். முதல் 200, 300 கி.மீ. வரை அவசியம் இல்லாமல் அடித்து பிரேக் பிடிக்காதீர்கள். 50 கி.மீ. ஓடியதும் வீல் நட்டை ஒருமுறை சோதியுங்கள்.

மாற்றிய பிறகு சத்தம் வருகிறது, அல்லது வண்டி இழுக்கிறது. என்ன செய்வது?

முதல் சில நாள் மெல்லிய சத்தம் வந்து தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால் பேடின் பின்னால் ஒட்டும் மெல்லிய தகட்டை விட்டுவிட்டீர்களா, கிளிப் சரியா என்று பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பிரேக் வலுவாகப் பிடிக்கும் பக்கத்துக்கு இழுக்கிறது என்று பொருள். மறுபக்கத்துப் பின் இறுகியிருக்கலாம், பேடில் கிரீஸ் பட்டிருக்கலாம். மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க்கில் கோளாறு, அல்லது வீல் நட்டு சமமாக இறுகவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டியபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் தெரியும்.

என் காரில் பின்னாலும் டிஸ்க். அதையும் இதேபோல் செய்யலாமா?

பேட் மாற்றுவது ஒன்றுதான், பிஸ்டன் விஷயம் வேறு. ஹேண்ட் பிரேக் அதே காலிப்பரில் இணைந்திருந்தால் பல கார்களில் பிஸ்டனை நேராகத் தள்ள முடியாது, சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும். அதற்குத் தனிக் கருவி உண்டு. கிளாம்ப்பால் அழுத்தினால் உள்ளே இருக்கும் மரை கெட்டுவிடும். பொத்தானில் வேலை செய்யும் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால், மோட்டாரை முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கருவி இல்லாமல் கை வைக்காதீர்கள். முன் சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டு, பின்னதைச் சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே சரி. ஹைபிரிட் கார்களிலும் அப்படியே.

பிரேக் தூசியை ஊதிவிடலாமா?

வாயாலும் ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய பேடில் என்ன சேர்த்திருந்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்றாலும் அந்த நுண்தூசி நுரையீரலுக்குக் கெடுதல்தான். கிளீனரைத் தெளித்து ஈரமாகத் துடைத்து, துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

புது பேட் போட்டாயிற்று. அடுத்த வாரம் கொல்லிமலை போகலாமா?

பேட் பழகியிருந்தால் போகலாம். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையின் 40, கல்லட்டியின் 36 எல்லாமே இறங்கும்போதுதான் பிரேக்கைச் சோதிக்கும். பேட் மட்டும் புதிதாக இருந்து ஆயில் பழசாக இருந்தால் அங்கே ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். தொடர்ந்து மிதித்து இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடல் திடீரென்று கீழே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். டப்பா மூடியில் எந்த டாட் எண் இருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

இறங்கும்போது இரண்டாவது கியர், செங்குத்தாக இருந்தால் முதல் கியர். நியூட்ரலில் விடாதீர்கள், பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். கருகிய வாடை வந்தாலோ பெடல் வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, அகலமான இடம் பார்த்து ஓரம்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.